முதலில் கை, பிறகு கால்

“இதெல்லாம் படிப்பிச்சு வாறதில்ல புள்ள. கலியாண வீட்டில ஆடி ஆடித்தான் வரும்.”

சொன்னவர் எனக்கு மிகவும் வேண்டிய ஓர் அன்ரி. மட்டக்களப்பு டச்பாரில் பிறந்து வளர்ந்த பறங்கியர் வீட்டுப் பெண்; போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் வழிவந்தவர்கள்தான் பறங்கியர். பறங்கியர் கலியாண வீடுகளில் சோடி சோடியாக ஆடுகிற லான்சர்ஸை அவர் ஆடுவதை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். எழுபது வயதிலும் அப்படி ஒரு மிதப்பான நடை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் பொடியன்மாரையும் பொம்பிளைப் பிள்ளைகளையும் சேர்த்து நாங்கள் லான்சர்ஸ் பழக்குகிறோம் என்று கேள்விப்பட்டு ஒருநாள் மண்டபத்துக்கு வந்தார். ஓரத்தில் கதிரை போட்டுக் கடைசிவரை இருந்து பார்த்தார். போகும்போது வாசலில் வைத்து என் கையைப் பிடித்துக்கொண்டு இதைச் சொன்னார். குறை பிடிக்கிற குரலாக இருந்திருந்தால் ஒரு சிரிப்போடு விட்டிருப்பேன். அவர் குரலில் இருந்தது பிள்ளைகள் மேல் வந்த இரக்கம். அதனால் அந்தச் சொல் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. இரவில் பாத்திரம் கழுவும்போது வரும், கல்லடிப் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் போகும்போது வரும்.

நான் பறங்கியர் இல்லை. பரதம் படித்தவள், பரதம் படிப்பித்துச் சீவிக்கிறவள். சின்ன உப்போடையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவு பறங்கியர் வளவு. அங்கே கலியாணம், ஞானஸ்நானம், நத்தார் என்று எது நடந்தாலும் வேலிக்கு இந்தப் பக்கம் எங்களுக்கும் நித்திரை இல்லை. கொஞ்சம் வளர்ந்த பிறகு வேலிக்கு அந்தப் பக்கமே போய்விடுவேன். அந்த வளவில் வயலின் வாசிக்கிற அங்கிள்தான் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டும் என்று தொடங்கியவர். படிப்பிக்கிற பழக்கம் உள்ள ஓர் ஆள் பக்கத்தில் நின்றால் நல்லது என்று என்னைக் கூப்பிட்டார். வருகிற பிள்ளைகளில் பறங்கியர் பிள்ளைகளும் இருக்கிறார்கள், மற்றவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் எல்லோரும் பேசுவது தமிழ். அம்மம்மா பேசுகிற போர்த்துக்கீசத்தை விளங்கிக்கொள்கிற பிள்ளைகள்கூடக் குறைவு.

ஏழு பேரும் ஒருவரும்

அன்ரி சொன்னது அவருடைய காலத்துக்கு முழு உண்மை. லான்சர்ஸ் என்றால் நாலு சோடி, எட்டுப் பேர், சதுரமாக உள்நோக்கி நிற்பார்கள். கலியாண வீட்டில் வயலினும் றபான் மேளமும் தொடங்கிவிட்டது, மூன்று சோடி நிற்கிறது, நாலாவது சோடியில் ஓர் ஆள் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரோடு நின்று பார்த்துக்கொண்டிருக்கிற பதினாலு வயதுப் பொடியனை யாராவது ஒரு பெரியம்மா “இஞ்ச வா மனே” என்று இழுத்து நிற்பாட்டிவிடுவார். அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மற்ற ஏழு பேருக்கும் எல்லாம் தெரியும். எதிரே வருகிறவர் கையைப் பிடித்து அடுத்தவரிடம் விடுவார், பக்கத்தில் நிற்கிறவர் தோளில் தட்டி “கிறுகு, கிறுகு” என்று திருப்பிவிடுவார், எங்கே போக வேண்டும் என்று அவன் யோசிப்பதற்குள் அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பார்கள். இரண்டு மூன்று கலியாணம் கழிந்தால் தள்ளத் தேவையில்லை. கொஞ்சக் காலத்தில் அவனே இன்னொரு புதுப் பொடியனைத் தள்ளுகிற ஏழு பேரில் ஒருவனாகிவிடுவான்.

அந்தக் கலியாண வீடும் ஒரு வகுப்புத்தான். தெரிந்தவர் ஏழு, தெரியாதவர் ஒன்று. எந்தப் பள்ளிக்கூடத்திலும் கிடைக்காத வசதி அது. இன்றைக்கு எங்கள் மண்டபத்தில் கணக்கு தலைகீழ். தெரிந்தவர் ஒருவர், அவரும் வயலினைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தெரியாதவர்கள் எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். இப்படியானதற்குக் காரணத்தை இந்த ஊர்க்காரருக்கு நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. சண்டைக் காலத்தில் விடிய விடிய ஆடுகிற கலியாணங்கள் இல்லாமல் போயின. குடும்பம் குடும்பமாக அவுஸ்திரேலியாவுக்குப் போனார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி டச்பாரிலும் கல்லடித் திருச்செந்தூரிலும் என்ன செய்தது என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆடத் தெரிந்த எட்டுப் பேர் ஒரே வீட்டில் ஒரே இரவில் சேர்வது இப்போது அருமை. “ஆடி ஆடித்தான் வரும்” என்றால், ஆடுகிற இடம் எங்கே?

இன்னொன்றையும் அன்ரியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். லான்சர்ஸ் போர்த்துக்கீசர் கொண்டுவந்த ஆட்டம் என்றுதான் நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொள்கிறோம். போர்த்துக்கீசர் புளியந்தீவில் கோட்டை கட்டியது 1628இல். 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்துவிட்டார்கள். லான்சர்ஸ் உருவானது அதற்கு ஏறக்குறைய இருநூறு வருசம் கழித்து, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், டப்ளினிலும் லண்டனிலும். குவாட்ரில் என்கிற பிரெஞ்சுச் சதுர ஆட்டத்தின் கிளை அது. ஐந்து பகுதி. இங்கிலீசுக்காரன் ஆண்ட காலத்தில் இங்கே வந்து, மட்டக்களப்புப் பறங்கியர் தங்கள் வயலினையும், கபிரிஞ்ஞா என்கிற தங்கள் ஆட்டத்தின் தாளத்தையும் சேர்த்துத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். இதில் எனக்கு முக்கியமான விசயம் வேறு. நடன வாத்திமார் அமைத்து, படிமுறையை அச்சடித்து விற்று, வகுப்பு வைத்துப் பழக்கிய ஆட்டம் இது. கலியாண வீட்டுக்கு வந்தது பிறகுதான். டென்மார்க்கில் இன்றைக்கும் உயர்தரப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருசா வருசம் தங்கள் பெரிய விருந்துக்காக இதே லான்சர்ஸைப் பள்ளிக்கூடத்திலேயே பழகி, நீளச் சட்டையும் கோட்டும் போட்டு ஆடுகிறார்கள். அங்கே வகுப்பு அதைச் சாகடிக்கவில்லை. ஆகவே படிப்பிக்கலாமா என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எதை முதலில் படிப்பிப்பது என்பதில்தான் என் தொழிலும் இந்த ஆட்டமும் மோதிக்கொண்டன.

கால் ஏற்கெனவே இருக்கிறது

பரதத்தில் நாங்கள் காலில்தான் தொடங்குவோம். அரைமண்டியில் இருத்தி, தட்டடவு, பிறகு நாட்டடவு, ஒவ்வொன்றும் மூன்று காலத்தில். பிள்ளை தன் இடத்தில், தன் உடம்போடு, தனியாக நிற்கும். பக்கத்தில் பத்துப் பேர் நின்றாலும் ஒவ்வொருவரும் தனித்தனிதான். அந்த முறையில் எனக்குப் பெரிய மரியாதை இருக்கிறது. ஓர் உடம்பை முழுசாகக் கட்டியெழுப்புகிற முறை அது. ஆனால் லான்சர்ஸில் ஒரு பிள்ளையின் உடம்பு முழு ஆட்டத்தின் எட்டில் ஒரு பங்கு. தன் பங்கை வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகிவிட்டு வர ஏலாது. கண்ணாடிக்குள் இருந்து யாரும் கை நீட்டமாட்டார்கள்.

அதோடு, கால் இந்தப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. கபிரிஞ்ஞா ஆறு மாத்திரைத் தாளம், மூன்றும் மூன்றுமாக ஓடும். பைலாப் பாட்டும் அதே தாளம்தான்; 1940களில் பொலிஸ்காரராக இருந்த வொலி பஸ்தியன் இந்தக் கபிரிஞ்ஞா தாளத்தில் சிங்களச் சொல் போட்டுப் பாடத் தொடங்கியதிலிருந்து அது நாடு முழுக்கப் பரவியது. பிறந்தநாள் விருந்து, பள்ளிக்கூடச் சுற்றுலா பஸ், கிரிக்கெட் மட்ச் என்று எங்கே போனாலும் எங்கள் பிள்ளைகள் பைலாவுக்குத்தான் ஆடுகிறார்கள். தோளை ஆட்டி, பாதத்தை இழுத்து, யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஆறு மாத்திரையில் அழகாக நிற்கிறார்கள். அவர்களிடம் இல்லாதது இன்னோர் ஆளோடு சேர்ந்து ஆடுகிற பழக்கம். பைலாவில் நூறு பேர் ஒன்றாக ஆடலாம்; ஒருவருக்கும் ஒருவர் வேண்டியதில்லை.

ஆகவே தாளத்துக்கு நாங்கள் அதிகம் மினக்கெடவில்லை. “வன், டூ, த்ரீ” என்று எண்ணவும் இல்லை. எண்ணிக்கை பிள்ளைகளைத் தங்கள் தலைக்குள் பூட்டிவிடுகிறது. எண்ணுகிறவன் முகத்தைப் பார்த்தாலே தெரியும், கண் உள்ளே போய்விடும். மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடிக் கூத்துப் பழக்குகிற அண்ணாவிமார் தாளக்கட்டை வாயால் சொல்லித்தானே ஆட்டம் பழக்குகிறார்கள். அதே வழியில் நானும் “தகிட தகிட” என்று சொல்வேன், பிள்ளைகளும் சேர்ந்து சொல்வார்கள். ஒரு தகிடவுக்கு ஓர் அடி. வாய் மூன்றைச் சொல்லும், கால் ஒன்றை வைக்கும். ஒரு பின்னேரத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. படுவான்கரையிலிருந்து வருகிற ஒரு பொடியன் ஊரில் வசந்தன் கூத்து ஆடியவன். கோலடித்துக்கொண்டு வட்டத்தில் முன்னாளையும் பின்னாளையும் பார்த்து ஆடிய உடம்பு அது. அவனுக்கு நான் ஒன்றுமே சொல்லத் தேவைப்படவில்லை. தன் அடியைவிட அடுத்தவன் வருகையைப் பார்க்க அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

சங்கிலி

லான்சர்ஸின் கடைசிப் பகுதியில் வருகிற சங்கிலிதான் எல்லாவற்றையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிற இடம். எட்டுப் பேரும் வட்டமாகி, முதலில் தன் துணையைப் பார்த்து வலக்கை கொடுக்க வேண்டும். ஆண்கள் வலப்புறமாகவும் பெண்கள் இடப்புறமாகவும் நகர்வார்கள். துணையைக் கடந்ததும் அடுத்து எதிரே வருகிறவருக்கு இடக்கை, அதற்கடுத்தவருக்கு வலக்கை, பிறகு இடக்கை. அப்படியே போனால் பாதிச் சுற்றில் மறுபடி தன் துணையே எதிரில் வருவார், வலக்கைக்கு. ஒருவருக்கொருவர் தலை குனிந்து வணங்கிவிட்டு மற்றப் பாதியையும் சுற்றித் தன் இடத்துக்கு வந்து சேர வேண்டும். நாலு சோடி இருப்பதால் துணைக்கு வருவது எப்போதும் வலக்கைதான். துணையிடம் வரும்போது இடக்கை நீண்டிருந்தால் வழியில் எங்கேயோ ஒரு கை தவறியிருக்கிறது என்று அர்த்தம்.

அன்றைக்கு அது தவறியது. எங்கள் வகுப்பிலேயே கால் மிக நன்றாக வந்த பொடியன் ஒருவன் இருக்கிறான், உயர்தரம் படிக்கிறவன். அடி ஒவ்வொன்றும் எழுத்துப் பிசகாமல் விழும். அவன் தன் பாதத்தைப் பார்த்தபடியே சங்கிலிக்குள் போனான். துணைக்கு வலக்கை சரி. அடுத்தவருக்கு இடக்கை சரி. மூன்றாவதாக வந்த பிள்ளை கையை நீட்டிக்கொண்டு வந்தாள், அவன் குனிந்திருந்தான், அவள் வெறுங்கையோடு கடந்து போய்விட்டாள். நாலாவது பிள்ளை இடக்கையை நீட்ட, இவன் பாக்கியிருந்த வலக்கையைக் கொடுக்க, இரண்டு பேரும் முட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவாறு சமாளித்துத் துணையிடம் போய்ச் சேரும்போது இடக்கை முன்னே இருந்தது. அதே வட்டத்தில் ஒரு பிள்ளை, அதற்கு முன் எந்த ஆட்டமும் ஆடாதவள், பள்ளிக்கூடத்து வலைப்பந்து அணியில் விளையாடுகிறவள். அவளுடைய அடி அன்றைக்கும் தாளத்துக்கு வரவில்லை, வெறும் நடைதான். ஆனால் அவள் ஒரு கையைக்கூடத் தவறவிடவில்லை. முன்னால் இருப்பவரைக் கடக்கும்போதே கண் அதற்கடுத்தவரிடம் போய்விடும், மற்றக் கை ஏற்கெனவே நீண்டிருக்கும். பந்து வருமுன் இடம் பிடிக்கிற கண் அது.

அங்கிள் வில்லை நரம்பிலிருந்து எடுத்தார். “ஆருக்கு இடக்கை வந்தது?” என்று கேட்டார். யாரும் பேசவில்லை. “சரி, கால மறங்க. ஆடவேணாம். நடங்க. கடைக்குப் போற மாதிரி நடங்க. ஆள் வந்தா கை குடுங்க.” பிள்ளைகள் நடந்தார்கள். பாட்டு இல்லை, தகிட இல்லை. முதல் சுற்றில் சிரிப்பு, இரண்டாவதில் மோதல், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வட்டம் உருளத் தொடங்கியது. வலம், இடம், வலம், இடம். தலைகள் நிமிர்ந்தன. பாதத்தில் பார்க்க ஒன்றும் இல்லாதபோது பிள்ளைகள் முகத்தைப் பார்க்கிறார்கள். துணை வருகிற இடத்தில் எட்டு வலக்கைகளும் ஒரே நேரத்தில் நீண்டன. அப்போதுதான் அங்கிள் ஒருவருக்கும் சொல்லாமல், அவர்கள் நடக்கிற வேகத்துக்கே, மெல்லமாக வாசிக்கத் தொடங்கினார். இன்னொரு சுற்று நடையாகவே போனது. அதற்குப் பிறகு எந்த இடத்தில் மாறியது என்று எனக்குச் சொல்லத் தெரியாது, நடை ஆட்டமாகியிருந்தது. அந்த உயர்தரப் பொடியனும் தலை நிமிர்ந்து போய்க்கொண்டிருந்தான். யாரும் காலை எண்ணவில்லை. தாளம் தானாக வந்து காலில் ஏறிக்கொண்டது.

இருபது வருசத்துக்கு மேலாகக் கால் படிப்பிக்கிறவள் நான். அந்தச் சில நிமிடங்கள் எனக்கு ஒன்றைத் தெளிவாகக் காட்டின. படிப்படியாகப் பழக்குவது சரிதான், ஆனால் சோடி ஆட்டத்தின் படிகள் காலில் தொடங்குவதில்லை. அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கே இப்படித்தான் போகிறது. முதலில் நிற்க வேண்டும். முதல் சோடி யார், எதிர்ச் சோடி யார், பக்கச் சோடிகள் யார், எனக்கு வலத்தில் யார், இடத்து மூலையில் யார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும். பிறகு வணக்கம். பிறகு நடை. பிறகு கை. கைக்கு நாங்கள் செலவழிக்கிற நேரத்தைப் பார்த்தால் வெளியாள் சிரிப்பார். முழங்கை மட்டத்தில், உள்ளங்கை பக்கவாட்டில், விரல்கள் தளர்வாக. பிடிக்கக் கூடாது, இழுக்கக் கூடாது. தோளும் தோளும் நேராகும்போது விட்டுவிட வேண்டும். பொடியன்மார் இறுக்கிப் பிடிப்பார்கள், விடப் பிந்துவார்கள். ஒருவன் பிந்தினால் எட்டுப் பேரும் பிந்துவார்கள். பொம்பிளைப் பிள்ளைகள் விரல் நுனியைக் காட்டிவிட்டு எடுத்துவிடுவார்கள். எதிரே வருகிறவனுக்கு ஊன்ற ஒன்றும் கிடைக்காது. மட்டக்களப்புப் பங்குனி வெயிலில் கை வியர்த்து வழுக்கும். யன்னல் கட்டில் ஒரு பவுடர் ரின் எப்போதும் இருக்கிறது. வலம் இடம் மாறிப்போகிற பிள்ளைகளுக்கு அங்கிள் வலது மணிக்கட்டில் லேஞ்சி (கைக்குட்டை) கட்டிவிடுவார். கோயில் காப்பு நூலை அடையாளமாக வைக்கலாம் என்று ஒரு பிள்ளை சொன்னது. ஆனால் அது பொடியன்மாருக்கு வலத்திலும் பொம்பிளைப் பிள்ளைகளுக்கு இடத்திலும் அல்லவா இருக்கிறது, அதனால் லேஞ்சியே நல்லது.

வயலினைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். போனில் பாட்டைப் போட்டுப் பழக்கினால் வேலை சுலபம் என்று பலர் சொல்கிறார்கள். போன் பிள்ளைகளைப் பார்ப்பதில்லை. ஒரு சோடி அந்தப் பக்கத்தில் சிக்கிக்கொண்டால் அங்கிளின் வில் அதைக் கண்டு ஒரு மூச்சு நேரம் காத்திருக்கும், எல்லோரும் வந்து சேர்ந்ததும் அடுத்த வரியை எடுக்கும். ஒன்பதாவது ஆடுகிறவர் அவர். அவருக்குப் பிறகு இந்த வயலினை யார் எடுப்பார் என்பது இந்தக் கட்டுரையைவிடப் பெரிய கவலை.

சுற்றிவரக் கதிரை

ஆண் பிள்ளையும் பெண் பிள்ளையும் கை கொடுத்து ஆடுவது எங்கள் ஊரில் சின்ன விசயம் இல்லை. ஓர் அம்மா முதல் கிழமைகளில் மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வீட்டுக்குப் போகாமல் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நிற்பார். உள்ளேயும் வரமாட்டார், போகவும் மாட்டார். “ரீச்சர், கை கொடுக்கத்தான் வேணுமா? சும்மா பக்கத்தில நிண்டு ஆடேலாதா?” என்று ஒருநாள் கேட்டார். அவருடைய பயத்தை நான் பழைய பஞ்சாங்கம் என்று தள்ளமாட்டேன். ஒரு பெண் பிள்ளையின் பேர் இந்த ஊரில் எவ்வளவு சுலபமாகக் கெட்டுப்போகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவரிடம் “அம்மா, உள்ளுக்கு வந்து இருங்க” என்றேன்.

பறங்கியர் கலியாண வீட்டின் ஒழுங்கே அதுதான். நடுவில் சதுரம், சுவரோரமாகச் சுற்றிவரக் கதிரைகள், கதிரைகளில் அம்மம்மா, பெரியம்மா, மாமி என்று மூத்த பெண்கள். ஆட்டத்தில் ஒரு நொடிகூட யார் கண்ணும் படாத நொடி இல்லை. அந்தப் பார்வைக்கு நடுவில்தான் இளசுகள் கை கொடுக்கப் பழகினார்கள், கையை எப்போது விடுவது என்றும் பழகினார்கள். இந்த ஆட்டத்தில் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு நிற்பதும் இல்லை. துணையிடம் தொடங்கி, எல்லோருக்கும் கை கொடுத்து, எல்லோருக்கும் வணங்கி, திரும்பத் துணையிடம் வருகிற ஆட்டம். நாங்களும் மண்டபத்தில் சுற்றிவரக் கதிரை போட்டோம். அம்மாமார் வந்து இருக்கத் தொடங்கினார்கள். வாசலில் நின்ற அம்மாதான் இப்போது கைதட்டித் தாளம் பிடிக்கிறவர். பிந்துகிற சோடியைப் பார்த்து “கிறுகு புள்ள” என்று முதலில் கத்துகிறவரும் அவர்தான்.

பொடியன்மார் எப்போதும் குறைவு. ரியூசன் என்பார்கள், மட்ச் என்பார்கள். அப்படியான நாட்களில் பொம்பிளைப் பிள்ளைகளே ஆண் இடத்தில் நிற்பார்கள். இரண்டு பக்கத்தையும் ஆடிய பிள்ளைகளுக்கு ஆட்டம் மிக விரைவாகப் பிடிபடுகிறது என்பதைக் கண்ட பிறகு, ஆள் குறையாத நாளிலும் எல்லோரையும் இரண்டு பக்கத்திலும் நிற்க வைக்கிறேன். எதிரே வருகிறவருக்கு என்ன தேவை என்பது அவர் இடத்தில் நின்றால்தான் தெரியும்.

ஒரு விசயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. கலாசார விழா என்று வந்தால் ஐந்து நிமிடம் தாருங்கள் என்கிறார்கள், சபையைப் பார்த்து ஆடச் சொல்கிறார்கள், ஒரு சோடி சபைக்கு முதுகு காட்டுகிறது என்று சதுரத்தைத் திறந்து வரிசையாக்கச் சொல்கிறார்கள். நீளச் சட்டையும் தொப்பியும் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். சதுரத்தைத் திறந்தால் எட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. பார்க்க முடியாவிட்டால் பைலாவே போதும், லான்சர்ஸ் எதற்கு? சபை வேண்டுமானால் சுற்றிவர இருக்கட்டும். எங்கள் கூத்துக் களரியும் வட்டக்களரிதானே, நாலு பக்கமும் சனம் இருந்துதானே விடியும்வரை பார்த்தது.

முதல் எட்டுப் பேரும் ஒருவாறு தேறிய பிறகு நாங்கள் செய்த இன்னொரு காரியம், புதுப் பிள்ளைகளைத் தனி வகுப்பாக நிற்பாட்டாமல் விட்டது. புதிதாக ஒரு பிள்ளை வந்தால் ஆடத் தெரிந்த ஏழு பேருக்கு நடுவில் நேராகக் கொண்டுபோய் விடுகிறோம். அவர்கள் தள்ளுகிறார்கள், இழுக்கிறார்கள், கத்துகிறார்கள், கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். நாங்கள் எட்டுப் பேருக்குப் பல மாதமாகப் பழக்கியது இப்போது சில கிழமையில் போய்ச் சேர்கிறது. படிப்பித்து வராது என்ற அன்ரியின் பேச்சும், படிப்பிக்காமல் இனி வழியில்லை என்ற எங்கள் நிலையும் இந்த இடத்தில்தான் ஒன்றையொன்று சந்தித்தன. அன்ரியை ஒரு சோடியில் வந்து நிற்கச் சொல்லிக் கேட்டேன். முழங்கால் நோகுது என்றார். ஆனாலும் எழும்பி வந்து நின்றார். அவர் ஒரு சுற்றுப் போனதில் பிள்ளைகள் கண்டுகொண்டது, நான் வாயால் சொல்லிக்கொடுத்ததைவிட அதிகம். முக்கியமாக வணக்கத்தில் அவர் எடுக்கிற நேரம். தலை தாழ்ந்து, நின்று, எதிராளி நிமிர்ந்த பிறகே நிமிர்கிறார்.

அவர் வந்ததால் ஒரு சிக்கலும் வந்தது. நாலாவது பகுதியில் முதல் சோடி பக்கச் சோடிகளிடம் போய் வணங்கிவர வேண்டும். முதலில் வலப்பக்கத்துச் சோடியிடம் போக வேண்டும் என்கிறார் அங்கிள். தங்கள் வீட்டில் எப்போதும் இடப்பக்கம்தான் முதல் என்கிறார் அன்ரி. போர்த்துக்கீசத்தில் தொடங்கி, தமிழில் ஏறி, பிள்ளைகள் எல்லோரும் ஆட்டத்தை விட்டுவிட்டு வாய் பார்க்கிற அளவுக்கு அந்த வாக்குவாதம் நடந்தது. பழைய ஐரோப்பியப் படிமுறை வலத்தைத்தான் முதலில் சொல்கிறது. ஆனால் இது மட்டக்களப்பு ஆட்டம். டப்ளினில் எழுதியதை வைத்து டச்பார் வீட்டு வழக்கத்தைப் பிழை என்று சொல்ல நான் ஆயத்தமில்லை. இரண்டு வழக்கமும் இருந்திருக்கலாம். அப்படியென்றால் இரண்டையுமே பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும்.

அதனால் இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு கேள்வி. மட்டக்களப்பிலோ அக்கரைப்பற்றிலோ 1980களில், 90களில் எடுத்த பறங்கியர் கலியாண வீடியோ கசெட் உங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறதா? பூஞ்சணம் பிடித்திருந்தாலும் பரவாயில்லை, எறிய வேண்டாம். பொம்பிளை மாப்பிள்ளை கேக் வெட்டுகிற பகுதி எங்களுக்குத் தேவையில்லை. அதற்குப் பிறகு, கமராக்காரர் களைத்துப்போய் ஒரு மூலையில் நின்று எடுத்திருப்பாரே, நாலு சோடி ஆடுகிற இடம், அதுதான் வேண்டும். நாலாவது பகுதியில் முதல் சோடி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக் கீழே எழுதுங்கள்.